ஜாகுவார் இ-டைப் ரோட்ஸ்டர், 1/24: பச்சையா, வேறு நிறமா?

கேள்வி: 9 செப்டம்பர் 2023, மாலை

ரெவெல் கம்பெனியின் 1/24 அளவு ஜாகுவார் இ-டைப் ரோட்ஸ்டர் (நிலையான கூரை இல்லாத கார்) மாடல் கிட் வாங்கிவிட்டேன். சீரீஸ் 1 கார். பிரிட்டிஷ் கார் என்றால் பிரிட்டிஷ் ரேசிங் கிரீன்தானே? டாமியா டிஎஸ்-9 பச்சை ஸ்ப்ரே பெயிண்ட் கேன் ஒன்று கையில் இருக்கிறது. அப்படியே அடித்துவிடலாமா, யோசிக்க ஏதாவது இருக்கிறதா?

9 செப்டம்பர், இரவு 10.15

நிறைய இருக்கிறது. கேனைக் கீழே வையுங்கள்.

பிரிட்டிஷ் கார், அதனால் பச்சை என்பது பந்தயத் தடத்துக் கணக்கு. அந்தக் காலத்தில் பந்தயக் காருக்கு நாட்டை வைத்துத்தான் நிறம். இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், பெல்ஜியத்துக்கு மஞ்சள், ஜெர்மனிக்கு முதலில் வெள்ளை, அப்புறம் வெள்ளி. பிரிட்டனுக்குப் பச்சை வந்தது அயர்லாந்து வழியாக. 1902இல் செல்வின் எட்ஜ் நேப்பியர் காரில் கார்டன் பென்னெட் கோப்பையை வென்றார். அதனால் அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும் பொறுப்பு பிரிட்டன் தலையில் விழுந்தது. அங்கே பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டச் சட்டம் இடம் தரவில்லை, போட்டியை அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த மண்ணுக்கு மரியாதையாக அயர்லாந்தின் சின்னமான ஷாம்ராக் இலைப் பச்சையில் கார்களை இறக்கினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. ஜெயித்தது என்னவோ மெர்சிடீஸில் வந்த யெனாட்ஸி.

இ-டைப் விற்பனைக்கு வந்த கார். வாங்கியவர்கள் பட்டியலைப் பார்த்து நிறம் சொன்னார்கள். பந்தயத்தில் அது பெற்ற முதல் வெற்றிகூடப் பச்சையில் வரவில்லை. 1961 ஏப்ரலில் ஓல்டன் பார்க்கில் கிரஹாம் ஹில் ஓட்டி ஜெயித்த கார் கருநீலம்.

10 செப்டம்பர், காலை

முதலில் எந்த ஆண்டுக் காரைக் கட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். நிறம் அதற்கு அப்புறம். சீரீஸ் 1 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அதற்குள்ளேயே 3.8 லிட்டர் காலம், 1964 அக்டோபருக்குப் பிறகு வந்த 4.2 லிட்டர் காலம் என்று இரண்டு உண்டு. இரண்டுக்கும் நிறப் பட்டியல் ஒன்றல்ல.

3.8 என்றால் கார்மென் ரெட், காட்ஸ்வோல்டு புளூ, ஷெர்வுட் கிரீன், மிஸ்ட் கிரே, பேர்ல், கிரீம், கறுப்பு, நீங்கள் சொல்லும் ரேசிங் கிரீன், அப்புறம் ஓபலெசென்ட் என்று பெயர் தொடங்கும் மெட்டாலிக் வரிசை: சில்வர் கிரே, சில்வர் புளூ, டார்க் கிரீன், டார்க் புளூ, பிரான்ஸ் (வெண்கலம்), கன்மெட்டல் (கருஞ்சாம்பல்) போன்றவை. வெளிர் மஞ்சளான பிரிம்ரோஸ் 4.2 காலத்து நிறம். சிக்னல் ரெட் இன்னும் பிந்தியது, சீரீஸ் 2, 3 கார்களில் நிறையப் பார்க்கலாம். இணையத்தில் ஒரு ‘1961’ காரைச் சிக்னல் ரெட்டில் பார்த்தால், பழுதுபார்த்தபோது உரிமையாளர் ஆசைப்பட்டு அடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான காரின் முதல் நிறம் தெரிய வேண்டும் என்றால் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழில் இருக்கும். வெளி நிறம், சீட் நிறம், கார் கட்டி முடித்த தேதி எல்லாம் ஆலைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் ஓபலெசென்ட் கன்மெட்டல். 1961இல் ஜெனீவாவில் அறிமுகமானபோது உலகம் முதலில் பார்த்த இ-டைப் அந்த நிறம்தான்.

10 செப்டம்பர், மதியம்

மேலே ஒருவர் ‘அப்படியானால் 9600 எச்பி நம்பர் பிளேட்டையே போட்டுவிடலாம்’ என்று எழுதியிருக்கிறார். போட முடியாது. 9600 எச்பி என்பது ஜெனீவாவில் காட்டிய அந்தக் கன்மெட்டல் காரின் நம்பர், அது கூரை வைத்த கூபே. இவர் கையில் இருப்பது ரோட்ஸ்டர். கன்மெட்டல் ரோட்ஸ்டர் பட்டியலில் உண்டு, அந்த நம்பரில் மட்டும் கிடையாது.

10 செப்டம்பர், மதியம், கொஞ்சம் கழித்து

1902இல் எட்ஜ் ஓட்டிய நேப்பியரே ஆலிவ் பச்சைதான், அயர்லாந்துக் கதை அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்டது என்று இன்னொருவர். இருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் எனக்குச் சாதகம்தான்: ஆலிவ் ஒரு பச்சை, ஷாம்ராக் வேறொரு பச்சை. ரேசிங் கிரீன் என்பது ஒரே நிறமாக என்றைக்குமே இருந்ததில்லை. பென்ட்லியின் பச்சை வேறு, லோட்டஸின் பச்சை வேறு, எம்ஜி கம்பெனி வெவ்வேறு பத்தாண்டுகளில் அதே பெயரில் அடித்த பச்சைகளை வரிசையாக நிறுத்தினால் அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது. ஆகவே ‘டிஎஸ்-9 சரியான பச்சையா’ என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

12 செப்டம்பர்

சிவப்பு கேட்டவருக்கு: கார்மென் ரெட், அடியில் இளஞ்சிவப்பு பிரைமர். சாம்பல் பிரைமர் மேல் சிவப்பு அடித்தால் செங்கல் மாதிரி மந்தமாக நிற்கும்.

17 செப்டம்பர், ஞாயிறு

இன்று முழுக்க ஸ்பூனில் நிறம் அடித்துப் பார்க்கும் வேலை. பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகு வளைவு இ-டைப் பானெட்டின் வளைவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும், அதனால் தட்டையான அட்டையில் அடித்துப் பார்ப்பதைவிட இது மேல். பச்சை, கன்மெட்டல், சில்வர் புளூ, கார்மென் எல்லாவற்றையும் அடித்து ஜன்னலோரமும் டியூப் லைட்டின் கீழும் வைத்துப் பார்த்தேன்.

1/24 மாடலை அறுபது சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது நிஜக் காரைச் சுமார் பதினாலரை மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் நிஜக் காரின் நிறம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும் என்பது மாடல் கட்டுகிறவர்கள் கணக்கு. டப்பாவில் இருக்கும் சரியான நிறத்தை அப்படியே அடித்தால் கண்ணுக்கு அதைவிட இருட்டாகத்தான் படும். கரும்பச்சையில் இது ரொம்ப மோசம். டிஎஸ்-9 அடித்த ஸ்பூன் ஜன்னலோரம் பச்சை, இரவு அறைக்குள் கறுப்பு. வெளுக்க வைக்க வெள்ளையைக் கலக்காதீர்கள், பச்சை சுண்ணாம்பு படிந்தாற்போல் ஆகிவிடும். மஞ்சள் சில சொட்டுப் போதும்.

மெட்டாலிக்கின் சிக்கல் வேறு. வெள்ளிப் பொடியின் ஒவ்வொரு துகளும் நிஜக் காருக்கு இருக்கும் அளவில்தான் மாடலிலும் இருக்கும், 1/24 கணக்கில் அது இருபத்துநாலு மடங்கு பெரிசு. இன்றைய கார்களுக்கு விற்கும் மினுமினுப்பான டச்-அப் ஸ்ப்ரேயை வாங்கி அடித்தீர்கள் என்றால் கல்யாண மண்டப சீரியல் செட் ஆகிவிடும். 1961இன் ஓபலெசென்ட் நிறங்கள் அப்படி மின்னுகிறவை கிடையாது. பொடி சன்னம், மேலே தனியாக நிறமில்லாத கிளியர் கோட்டும் கிடையாது, பளபளப்பு கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும்.

கன்மெட்டலுக்கு டாமியா டிஎஸ்-42 லைட் கன் மெட்டலை அடித்துப் பார்த்தேன். நிறம் பக்கத்தில் வருகிறது. ஆனால் இந்த அளவில் பெயிண்ட் அடித்த கார் போலவே தெரியவில்லை, பெயிண்ட் அடிக்காத உலோகப் பொம்மையாகத் தெரிகிறது. பக்கத்திலேயே குரோம் பம்பரும் முகப்பு வளையங்களும் வந்து உட்காரும்போது எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். போன வாரம் கன்மெட்டல் என்று சொன்னதைக் கூபேக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். ரோட்ஸ்டருக்கு இப்போது என் ஓட்டு சில்வர் புளூ.

கலவை கேட்பார்கள் என்று தெரியும்: மிஸ்டர் கலர் 8ஆம் எண் வெள்ளி, அதில் நீலம் சொட்டுச் சொட்டாக, கடைசியில் துளி கறுப்பு. விகிதம் எழுதி வைக்கவில்லை, எழுதினாலும் உங்கள் விளக்கு வெளிச்சத்தில் வேறு மாதிரிதான் இருக்கும்.

18 செப்டம்பர், இரவு

தூங்கப் போகும் நேரத்தில் உறைத்தது. பச்சைக்கு எதிராக இவ்வளவு பேசினேனே, இவர் கையில் இருப்பது ரோட்ஸ்டர். ஜெனீவாவுக்கு வந்த ரோட்ஸ்டர் எது? 77 ஆர்டபிள்யூ என்ற நம்பர் கொண்ட கார். அதன் நிறம்? பிரிட்டிஷ் ரேசிங் கிரீன்.

தெரியாதவர்களுக்கு: 1961 மார்ச்சில் ஜெனீவாவில் இ-டைப்பை அறிமுகப்படுத்தியபோது ஓட்டிப் பார்க்க வந்த பத்திரிகைக்காரர்கள் கூட்டத்துக்கு அங்கிருந்த கூபே போதவில்லை. ஜாகுவார் நிறுவனர் சர் வில்லியம் லயன்ஸ் ஆலை இருந்த கோவென்ட்ரிக்குத் தகவல் அனுப்பினார். சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு 77 ஆர்டபிள்யூவை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, ராத்திரி முழுக்க பிரான்சின் குறுக்கே ஓட்டி, மறுநாள் காலை ஜெனீவா போய்ச் சேர்ந்தார். நெடுஞ்சாலை வசதி இன்றைக்குப் போல இல்லாத காலம். போனதும் படுத்துத் தூங்கினாரா என்றால் அதுவும் இல்லை, வந்தவர்களை ஏற்றிக்கொண்டு மறுபடி ஓட்டிக் காட்டினார்.

ஆகவே கேள்வி கேட்டவர் அந்தக் காரைத்தான் கட்டுகிறார் என்றால் பச்சைக்கு என்னிடம் ஒரு ஆட்சேபமும் இல்லை. ‘பிரிட்டிஷ் கார், அதனால் பச்சை’ என்றால் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது.

24 செப்டம்பர்

யாரும் சீட் நிறத்தைக் கேட்கவே இல்லை. ரோட்ஸ்டரில் உள்ளே இருப்பது முழுக்கத் தெரியும், வெளி நிறத்தைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஜாகுவார் ஒவ்வொரு வெளி நிறத்துக்கும் இன்னின்ன லெதர் என்று ஜோடி வைத்திருந்தது. ரேசிங் கிரீனுக்கு சூயெட் கிரீன் என்ற மந்தமான சாம்பல் பச்சை அல்லது டான். கார்மெனுக்குக் கறுப்பு, சிவப்பு, பெய்ஜ். சில்வர் புளூவுக்குச் சாம்பல் அல்லது கருநீலம். பச்சை காருக்குள் பளீர் சிவப்பு சீட் வைத்து ஒரு மாடல் போன வருடம் இங்கே பாராட்டு வாங்கியது. அழகாகத்தான் இருந்தது, கிறிஸ்துமஸ் மரம் போல.

ஆரம்பகால 3.8 என்றால் டேஷ்போர்டின் நடுப் பகுதியும் கியருக்குப் பக்கத்துக் கன்சோலும் புள்ளி வேலை செய்த அலுமினியம். பிறகுதான் கறுப்பானது. மரத்தில் செய்த ஸ்டீயரிங் வளையம், அதன் மூன்று அலுமினிய ஆரங்களிலும் துளைகள். மர நிறத்துக்கு டான் அடித்து உலர்ந்தபின் கிளியர் ஆரஞ்சு மெல்லிசாக ஒரு கோட் கொடுங்கள், வார்னிஷ் போட்ட மரமாகிவிடும்.

பானெட்டைத் திறந்து வைக்கும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். இன்ஜினைத் தாங்கும் முன்பக்கக் குழாய்ச் சட்டம் முழுக்க பாடி நிறம். பானெட்டின் உள்பக்கமும் பாடி நிறம். கறுப்பு அடித்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலிண்டர் ஹெட்டுக்குத் தங்க நிறப் பூச்சு, மேலே இரண்டு கேம் கவர்களும் பாலிஷ் அலுமினியம். பச்சைச் சட்டத்துக்கு நடுவே அந்தத் தங்க நிறம் உட்காருவதைப் பார்த்தால் பச்சைக்காரர்கள் பக்கம் கொஞ்சம் சாயத் தோன்றுகிறது.

2 அக்டோபர், விடுமுறை

இழை எங்கெங்கோ போகிறது. எம்ஜி கம்பெனியின் எம்ஜிபி கார் நல்லதா என்று ஒருவர். நல்ல கார், 1962இலிருந்து 1980 வரை வந்தது, ஆனால் நிறம் தேர்ந்தெடுக்கும் தலைவலி இதைவிடப் பெரிது. அறுபதுகளில் டார்ட்டன் ரெட், ஐரிஸ் புளூ, ஓல்டு இங்கிலீஷ் ஒயிட் என்று மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தது. எழுபதுகளில் பிரிட்டிஷ் லேலண்ட் கையில் வந்ததும் பிளேஸ் என்று ஒரு ஆரஞ்சு, அக்கோனைட் என்று ஒரு கத்தரிப்பூ, பிரான்ஸ் யெல்லோ, ஹார்வெஸ்ட் கோல்டு. நான் எம்ஜிபி கட்டினால் அக்கோனைட்தான். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதனால்தான்.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கேட்டவருக்கு: அதற்கு நம் ஊரோடு நிஜமான உறவு உண்டு. ஸ்பிட்ஃபயரின் சேசிஸ் டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைச் சுருக்கிச் செய்தது, இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதே ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. பெருங்களத்தூர் பக்கம் ஆலை இருந்த இடத்தைப் பெரியவர்கள் இன்னும் ஸ்டாண்டர்டு கம்பெனி என்றே சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒரு டாக்டரிடம் வெளிர் நீல ஹெரால்டு ஒன்று இருந்தது. ஸ்பிட்ஃபயர் கட்டினால் வெட்ஜ்வுட் புளூ அடிப்பேன், அந்த டாக்டர் காரை நினைத்து.

இதை வேறு இழையில் பேசலாம். யாரும் பேசப் போவதில்லை என்று தெரியும்.

21 அக்டோபர்

பாடிக்கு எப்போது அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். சென்னையில் இருந்துகொண்டு இந்த மாதம் கேட்கிறார்!

மழை நாளில் லாக்கர் வகைப் பெயிண்ட் அடித்தால் தின்னர் ஆவியாகும் வேகத்தில் மேல்பரப்பு குளிர்ந்து காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பளபளப்பு மேல் பால் தெளித்தது போல வெளுப்பு படரும். கரும்பச்சையில் இது அப்பட்டமாகத் தெரியும். வெள்ளையில் தெரியாது, அதனால் அவசரக்காரர்கள் கிரீம் நிறத்துக்கு மாறிக்கொள்ளலாம். பொறுக்க முடியாது என்றால் மதிய வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, ஏர்பிரஷில் மெதுவாக உலரும் லெவலிங் தின்னர் கலந்து அடியுங்கள். லேசாக வெளுத்துவிட்டாலும் அதே தின்னரை மட்டும் மெல்லிய பனியாக மேலே விட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஸ்ப்ரே கேன் என்றால் கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். அடுப்பில் வைக்காதீர்கள். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் பெயிண்ட் கலந்து வாங்கி அடிக்கலாமா என்ற கேள்விக்கு: அடிக்கலாம், நானும் அடித்திருக்கிறேன். இங்கிலாந்தின் ஜீரோ பெயின்ட்ஸ் ஜாகுவார் நிறங்களைக் கலந்தே விற்கிறது, ஆனால் தீப்பற்றும் சரக்கு, தபாலில் வரவழைப்பது பாடு. அதனால் பெயிண்ட் கடையில் மாதிரி ஸ்பூனைக் காட்டிக் கண்ணளவில் கலந்து வாங்குவதுதான் நடைமுறை. ஆனால் கார் தின்னர் கிட்டின் பிளாஸ்டிக்கை அரிக்கும். நல்ல பிரைமர் போட்டு, முதல் கோட்டுகளைத் தூசி போலத் தூவி உலரவிட்டு, பிறகுதான் ஈரமாக ஒரு கோட். ஹார்ட்னர் கலக்கும் 2கே கிளியர் என்றால் அதற்கான முகமூடி இல்லாமல் கிட்டேயே போகாதீர்கள். துணிக் கைக்குட்டை முகமூடி ஆகாது.

5 நவம்பர்

கேள்வி கேட்டவர் முடிவு சொல்லிவிட்டார்: பச்சை, 77 ஆர்டபிள்யூ. சரி.

அப்படியானால் வேலை இருக்கிறது. முதல் ஐந்நூறு கார்களில் பானெட் பூட்டு வெளியில் இருந்தது, பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன வட்டம், டி வடிவச் சாவி போட்டுத் திறப்பார்கள். உங்கள் கிட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே இடத்தைக் குறித்து வையுங்கள், மெல்லிய பிளாஸ்டிக் வட்டம் வெட்டி ஒட்டினால் போதும். உள்ளே டேஷ்போர்டு அலுமினியமாகத்தான் இருக்க வேண்டும்.

பேனல் இடுக்குகளுக்குப் பச்சை மேல் சுத்தக் கறுப்பு வாஷ் (நீர்த்த பெயிண்ட்) விடலாம், சிவப்புக்கும் கிரீமுக்கும் மட்டும் பழுப்பு. கிளியர் கோட்டுக்கு டிஎஸ்-13 என்றால் டிகால் (நம்பர், எழுத்து ஒட்டும் மெல்லிய படலம்) ஒட்டிய இடத்தில் கனமாக அடிக்காதீர்கள், டிகாலைச் சுருட்டிவிடும். கிளியர் நன்றாக உலர்ந்தபின் நைஸ் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து பாலிஷ் போடுங்கள். பானெட் நடுப்புடைப்பின் விளிம்பை மட்டும் தொடாதீர்கள், அங்கே பெயிண்ட் முதலில் போய்விடும்.

என் சில்வர் புளூ பாடி அலமாரியில் உலர்ந்துகொண்டிருக்கிறது. பச்சைக்காரர்களுக்குப் போட்டியாக இல்லை. கொஞ்சம் போட்டியாகத்தான்.

6 நவம்பர்

கடைசி இ-டைப்கள் எல்லாமே கறுப்பு என்று ஒருவர் எழுதியதற்கு: கடைசி ஐம்பதில் ஒன்று தவிர மற்றதெல்லாம் கறுப்பு. அந்த ஒன்று பச்சை. இந்தத் தகவலைக் கேள்வி கேட்டவரிடம் முன்பே சொல்லாமல் வைத்திருந்தேன்.

19 நவம்பர்

வீல் பற்றி. கிட்டில் கம்பி வீல்கள் பளபள குரோமாக வந்திருந்தால் பச்சைக்கு அது கொஞ்சம் அதிகம். நிஜக் காரில் வெள்ளிச் சாம்பல் பெயிண்ட் அடித்த வீல்தான் வழக்கம், குரோம் வீலுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். பிளீச்சில் ஊறவைத்தால் குரோம் கழன்றுவிடும், பிறகு வெள்ளி அடித்து, ஆரங்களுக்கு நடுவில் நீர்த்த கறுப்பு விடுங்கள். நடுவில் இருக்கும் இரண்டு காது நட்டு மட்டும் குரோம்.

நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து வெள்ளி. முன்பக்கத்தில் பிளேட்டைத் தனியாக நிறுத்தாதீர்கள், பானெட் மூக்கில் ஒட்டியது போல டிகாலாகவே போடுங்கள். பின்பக்கத்துக்கு மஞ்சள் பிளேட் டிகால் இருந்தால் வெட்டி எறிந்துவிடலாம். அந்த மாதிரி ஒளி திருப்பும் பிளேட்டுக்கு பிரிட்டனில் அனுமதி வந்ததே 1968இல்தான்.